ஒரு வீல் மட்டும் ஏன் கருப்பாச்சு: இடது முன் சக்கரத்து பிரேக் தூசு, ஒரு நிகழ்வு ஆய்வு

கோயமுத்தூர்ல பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு வாட்டர் வாஷ் வெச்சிருக்கேன். போன வருஷம் ஆனி மாசத்துல இருந்து ஐப்பசி வரைக்கும் ஒரே வண்டி எங்ககிட்ட திரும்பத் திரும்ப வந்துச்சு, அதப் பத்திதான் இது. வீல் கருப்பாகுதுன்னு ஆரம்பிச்சது பிரேக்குல போயி முடிஞ்சுது. நடுவுல நாங்க பண்ணுன தப்பு இருக்கு, அதையும் மறைக்காம எழுதறேன், இதே தொழில்ல இருக்கறவங்களும் வீட்டு வாசல்லயே வண்டி கழுவறவங்களும் படிச்சா அந்தப் பகுதிதான் அவங்களுக்கு ஆகும். வண்டிக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், யார் பேரும் போடல.

வண்டியும் வண்டிக்காரரும்

அவருக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும், வால்பாறைல ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல கணக்குப் பாக்கறாரு, குடும்பம் கோயமுத்தூர்ல. வெள்ளிக்கிழம சாயந்திரம் எறங்குவாரு, திங்கக்கிழம விடியக்காலைல ஏறிருவாரு. போக நூறு கிலோமீட்டர் சொச்சம், அதுல ஆழியாருக்கு மேல 40 கொண்டை ஊசி வளைவு. வண்டி 9 வருஷம் ஆன ஜெர்மன் செடான், ஆட்டோமேட்டிக், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், மூணு வருஷம் முன்னாடி செகண்ட்ஸ்ல வாங்கினது. 17 இன்ச் டயமண்ட் கட் அலாய், அதாவது வீலோட முகத்த லேத்துல சீவி பளபளன்னு அலுமினியம் தெரியற மாதிரி விட்டு அதுக்கு மேல கிளியர் கோட்டுன்னு நெறமில்லாத பூச்சு மட்டும் அடிச்சிருப்பாங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா அந்த கிளியர் கோட்டுல ஒரு கீறலோ ஓட்டையோ விழுந்துட்டா அடியில பெயிண்ட்டுன்னு எதுவும் கிடையாது, நேரா அலுமினியம்தான். இது பின்னாடி வரும்.

மொத தடவ

ஒரு சனிக்கிழம காலைல வந்தாரு. "தம்பி, வண்டி எப்படி வேணா இருக்கட்டும், இந்த முன்னாடி வீல மட்டும் பாருங்க, கழுவி நாலு நாள்ல மறுபடி கரி பூசுன மாதிரி ஆயிருது, முன்ன ஒரு எடத்துல ஆசிட் போட்டுக் கழுவுவாங்க, அப்பயும் இதே கததான்" அப்படின்னாரு.

அவரு சொன்னது "இந்த முன்னாடி வீல", ஒருமையில. அத நான் காதுல வாங்கவே இல்ல. மலையில எறங்குற வண்டி, ஐரோப்பா பிரேக் பேடு (டிஸ்க்க ரெண்டு பக்கமும் உரசி நிறுத்தற கட்டை), தூசு வரத்தான் செய்யும், இதுல என்ன இருக்குன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அந்தக் காரணம் பொய்யும் இல்ல, அதனாலதான் யாருமே அதுக்கு மேல யோசிக்கல, நானும் யோசிக்கல, அவரு வண்டி விட்ட சர்வீஸ்லயும் யோசிக்கல.

அன்னிக்கு எங்க பையன் கேன்ல இருந்த அலாய் கிளீனர அடிச்சு தேச்சான். லூசுல வாங்கறது, லேபிள்ல என்ன இருக்குன்னு முழுசா எழுதியிருக்காது, அடிச்ச உடனே நொர கெளம்பும், பழைய கருப்பெல்லாம் ஒரு நிமிஷத்துல எறங்கிரும். வண்டி அப்பதான் ரோட்டுல இருந்து வந்து நின்னுருந்துச்சு, வீல் சூடு ஆறல. சூடா இருக்கற வீல்ல ஆசிட் பட்டா தண்ணி சீக்கிரம் ஆவியாகி ஆசிட் அங்கயே கெட்டியாகி ஒட்டிக்கும், கிளியர் கோட்ட அரிக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. சனிக்கிழம கூட்டத்துல கவனிக்கல.

கழுவி முடிச்சதும் வீல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அவரும் சந்தோஷமா போனாரு.

அந்த கேன பத்தி

இங்க கொஞ்சம் நின்னு சொல்லியாகணும். இந்த மாதிரி ஆசிட் கிளீனர் சிலதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிடோ, தண்ணில அத உண்டாக்குற அம்மோனியம் பைஃப்ளோரைடு உப்போ இருக்கும். மத்த ஆசிட் கையில பட்டா உடனே எரியும், கழுவிருவோம். இது கம்மியான வீரியத்துல இருந்தா பட்ட உடனே எரியாது, தோல்ல ஊறி உள்ள போயி ஒடம்புல இருக்கற கால்சியத்த புடிச்சுக்கும், சில மணி நேரம் கழிச்சுத்தான் வலி தெரியும், அதுக்குள்ள உள்ள வேல நடந்திருக்கும். அதுக்கு மருந்தே தனி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல், அதுவும் தண்ணில நல்லா அலசிட்டு தடவிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடணும். எங்க பையனுக்கு 20 வயசு, க்ளவுஸ் இல்லாம அந்த கேன மாசக்கணக்கா தொட்டுக்கிட்டு இருந்திருக்கான். அவனுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா ஆகியிருந்தா அதுக்கு நான்தான் பொறுப்பு. வாட்டர் வாஷ் வெச்சிருக்கற எல்லார்கிட்டயும் கேட்டுக்கறேன், லேபிள் இல்லாத கேன கடைக்குள்ள விடாதீங்க, பசங்க கைய நெனச்சுப் பாருங்க.

ரெண்டாவது, மூணாவது தடவ

அடுத்த வாரமே வந்தாரு, வீல் கருப்பு. இந்தத் தடவ கருப்புக்கு நடுவுல ஸ்போக் ஓரமா வெள்ளையா மெல்லிசா புழு ஓடுன மாதிரி கோடு தெரிஞ்சுது, துணியில தேச்சா போகல, நகத்துல வழிச்சா மேடாவும் தெரியல. கிளியர் கோட்டுக்கு அடியில அலுமினியம் அரிச்சிருக்குன்னு அர்த்தம். ஒரே நாள்ல ஆகறது இல்ல அது, முன்ன போட்ட ஆசிட்டும் எங்க ஆசிட்டும் சேந்து பண்ணுன வேல. அவருகிட்ட அத அப்படியே சொன்னேன். அன்னியோட அந்த கேன நிறுத்தினோம்.

அதுக்குப் பதிலா என்ன பண்றதுன்னு யோசிச்சு நான் சொன்னது வீலுக்கு செராமிக் கோட்டிங். கோட்டிங் இருந்தா தூசு ஒட்டாது, ஷாம்பு தண்ணிலயே போயிரும்னு சொன்னேன், 3,500 ரூபாய்னு பேசினோம். அந்த முடிவு தப்பு. தூசு எங்க இருந்து இவ்வளவு வருதுன்னு பாக்காம, வந்த தூசு ஒட்டாம இருக்க என்ன வழின்னு பாத்தேன்.

ஆடி மொத வாரத்துல நாலு வீலையும் கழட்டி உள்ள வெளிய ரெண்டு பக்கமும் அயர்ன் ரிமூவர் அடிச்சு, களிமண் பார் (ஒட்டுன அழுக்க உருவி எடுக்கற கட்டி) தேச்சு, கோட்டிங் போட்டோம். அயர்ன் ரிமூவர் அடிச்சப்போ நாலு வீலும் நல்லா ஊதா நெறத்துல வழிஞ்சுது. 9 வருஷத் தூசு உள்ள இருக்கும்னு அத பெருசா எடுத்துக்கல.

அந்த ஊதா எதனால வருதுன்னு தெரிஞ்சாத்தான் மேல நடந்தது புரியும். பிரேக் தூசுங்கறது ரோட்டு மண்ணு இல்ல. பேடு தேயறதுல வர்ற பிசின், கரி, உலோக நார் இதெல்லாம் ஒரு பங்கு, வார்ப்பிரும்பு டிஸ்க்கு தேயறதுல வர்ற இரும்புப் பொடி இன்னொரு பெரிய பங்கு. அந்தப் பொடி சூடாவே பறந்து வந்து கிளியர் கோட்டுல பொதிஞ்சுக்கும், அப்புறம் ஈரம் பட்டு துருப்பிடிக்கும், வெள்ளி கலர் வீல்ல ஆரஞ்சு புள்ளி புள்ளியா தெரியறது அதுதான். சோப்புத் தண்ணிக்கு அது அசையாது. அயர்ன் ரிமூவர்ல தயோகிளைகோலேட்டுன்னு ஒரு உப்பு இருக்கு, அது இரும்போட சேரும்போது ஊதாவா மாறும், இரும்பு கரைஞ்சு தண்ணியோட எறங்கிரும். முட்ட அழுகின நாத்தம் வரும். முடிய சுருட்ட பார்லர்ல போடற மருந்துலயும் இதே வகை உப்புதான். ஆசிட் மாதிரி கிளியர் கோட்ட அரிக்காது, ஆனா வீல்ல காய விடக்கூடாது.

அப்ப எவ்வளவு ஊதாவோ அவ்வளவு இரும்பு. இந்த ஒரு கணக்கு மட்டும் அன்னிக்கே ஒறைச்சிருந்தா ரெண்டு வாரம் மிச்சமாயிருக்கும்.

நாலாவது தடவ: ஊதா ஒரு பக்கம் மட்டும்

கோட்டிங் போட்டு பத்து நாள் கழிச்சு வந்தாரு. வர்றப்பவே மொகம் சரியில்ல. "தம்பி, ரூபாயும் குடுத்தாச்சு, வீலும் கருப்பாத்தான் இருக்குதுங்க" அப்படின்னாரு. கோபமா பேசல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

பையன் பிரஷர் கன்ன எடுத்துட்டு வந்துட்டான். இருடான்னு நிறுத்திட்டு, தண்ணி படறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தேன். இடது முன் வீல் கரிச்சட்டி மாதிரி இருக்கு. வலது முன் வீல்ல சாம்பல் நெறத்துல லேசா ஒரு படலம். பின்னாடி ரெண்டும் கிட்டத்தட்ட சுத்தம். வெள்ள டிஷ்யூ ரெண்ட நனைச்சு ரெண்டு முன் வீல்லயும் வால்வுக்கு பக்கத்து ஸ்போக்குல உள் மடிப்புல ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். வலது டிஷ்யூல பென்சில்ல கோடு போட்ட மாதிரி சாம்பல். இடது டிஷ்யூல மை கொட்டுன மாதிரி கருப்பு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா நடுவுல பொடிப்பொடியா மின்னுது.

அதுக்கப்புறம் அயர்ன் ரிமூவர ரெண்டுலயும் ஒரே அளவு அடிச்சோம். வலதுல ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு லேசா ரோஸ் கலர்ல கசிஞ்சுது. இடதுல நாவப்பழத்த நசுக்கி ஊத்துன மாதிரி ஸ்போக்குல இருந்து ஒழுகி டயர் மேல சொட்டி தரையெல்லாம் ஊதா.

இந்த எடத்துல கோட்டிங் ஒரு வழியில ஒதவுச்சுன்னு சொல்லணும். பத்து நாள் முன்னாடி நாலு வீலையும் ஒரே நாள்ல சுத்தமாக்கி விட்டிருந்தோம், அதனால இந்த ஊதா முழுக்க அந்த பத்து நாள்ல வந்த இரும்பு, பழைய கணக்கு எதுவும் இதுல இல்ல. ஒரே வண்டி, ஒரே மல, ஒரே டிரைவரு, ஒரே பேடு செட்டு. முன் சக்கரம் பின் சக்கரத்த விட கருப்பாகறது வழக்கம், பிரேக் புடிக்கையில வண்டியோட எட முன்னாடி சாயும், பிரேக் வேலைல பெரும்பங்கு முன் சக்கரந்தான் பண்ணும். ஆனா இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. மலையில எறங்குனா ரெண்டும்தானே கருப்பாகணும்?

அவருகிட்ட இத சொன்னேன். மொத அவரு ஒத்துக்கல. ரெண்டு மாசம் முன்னாடிதான் சர்வீஸ் விட்டேன், பேடெல்லாம் நல்லா இருக்குன்னு சீட்டுல எழுதியே குடுத்தாங்கன்னாரு. வேற ஏதாவது கவனிச்சீங்களான்னு கேட்டேன். யோசிச்சுட்டு, வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது, அதுக்கு ரெண்டு தடவ அலைன்மென்ட் பண்ணியாச்சு, வளைவெல்லாம் எறங்கி ஆழியார் வந்தா ஒரு கருகல் நாத்தம் வரும், மலைக்கு அது சகஜம்னு விட்டுட்டேன் அப்படின்னாரு. அவரு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எனக்கு பயம் வந்துருச்சு.

சூடு அளந்தது

பக்கத்து ஷெட்டுல மெக்கானிக் அண்ணன் ஒருத்தரு இருக்காரு, முப்பது வருஷம் சர்வீஸ். அவர கூப்பிட்டேன். வந்தவரு குனிஞ்சு பாத்துட்டு, "வண்டிய கழுவிப்புட்டீங்களா?" அப்படின்னுதான் மொதல்ல கேட்டாரு. இன்னும் பின்னாடி கழுவலண்ணா, முன்னாடியும் மருந்து மட்டுந்தான் அடிச்சிருக்குன்னேன். "அலசிட்டு ஒரு பத்து கிலோமீட்டரு சாதாரணமா ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, பிரேக்க போட்டு மிதிக்க வேண்டாம்" அப்படின்னாரு.

வந்த உடனே தொடாம சூடு பாக்கற கன்னால அளந்தோம். இதுல ஒரு நுணுக்கம் அண்ணன் சொல்லிக் குடுத்தது. டிஸ்க்குல பேடு உரசுற பளபளப்பான எடத்துல கன்ன காட்டுனா சூடு கம்மியா காட்டும், மின்னுற உலோகம் இந்த கன்ன ஏமாத்தும், அதனால நடுவுல துருவேறி மங்கலா இருக்கற தொப்பி பகுதியில காட்டணும், ரெண்டு பக்கமும் அதே எடம், அதே தூரம். வலது 71 டிகிரி. இடது 164. பின்னாடி ரெண்டும் அம்பத்துக்குள்ள.

அப்புறம் ஆற விட்டு, பின் சக்கரத்துக்கு கல்லு வெச்சு, நியூட்ரல்ல போட்டு, முன்னாடி ஒவ்வொரு பக்கமா ஜாக்கி ஏத்தி கையால சுத்திப் பாத்தோம். வலது சக்கரம் சரக்குன்னு உரசிக்கிட்டே ரெண்டு சுத்து வந்து நின்னுது. இடது, ரெண்டு கையால தள்ளுனாத்தான் நகருது, கைய எடுத்தா அங்கயே நிக்குது.

கழட்டினப்போ

காலிப்பர்ங்கறது பேட டிஸ்க்குல அழுத்திப் புடிக்கற பாகம், இந்த வண்டில இருக்கறது மிதக்கற காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள் பேட தள்ளும், அந்த எதிர்விசையில காலிப்பர் மொத்தமும் ரெண்டு பின் (உருண்டையான கம்பி) மேல வழுக்கி உள்ள நகந்து வெளி பேட இழுத்து டிஸ்க்குல ஒட்ட வைக்கும். பிரேக்க விட்டதும் அதே பின் மேல லேசா பின்னாடி நகந்து விட்டுக் குடுக்கணும். அந்த ரெண்டு பின்னும் ரப்பர் பூட்டுக்குள்ள (பின்ன மூடற ரப்பர் உறை) கிரீஸ்ல ஊறி ஈரம் படாம இருக்கணும்.

மேல் பின் ரெண்டு விரல்ல இழுத்தா வந்துச்சு. கீழ் பின் வரல. அண்ணன் துரு எண்ணெய் விட்டு கால் மணி நேரம் வெச்சு, ஸ்பேனர்ல முன்னும் பின்னும் திருகித் திருகி, கடைசில ரப்பர் சுத்தியால தட்டித்தான் எடுத்தாரு. வந்த பின்ன பாத்தா பாதிக்கு மேல பழுப்பா செதில் செதிலா துரு, பூட்டு மடிப்புல வாய் பொளந்து கெடக்கு, உள்ள இருந்த கிரீஸ் காஞ்சு சட்டியில தீஞ்ச அடிப்பிடி மாதிரி ஒட்டிக் கெடக்கு.

வெளி பேடு 7 மில்லிமீட்டர் இருக்கு. உள் பேடு ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்ல, ஒரு ஓரத்துல இன்னும் கம்மி, சாய்ஞ்சு தேஞ்சிருக்கு. சர்வீஸ்ல "பேடு நல்லா இருக்கு"ன்னு எழுதினதுக்கு காரணம் இதுதான்னு அங்கயே புரிஞ்சுது, வீல கழட்டாம ஸ்போக் சந்துல எட்டிப் பாத்தா தெரியறது வெளி பேடு மட்டுந்தான், டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கறது தெரியாது. டிஸ்க் 25 மில்லிமீட்டர்ல வந்தது, 22க்கு கீழ போனா மாத்தணும்னு டிஸ்க்குலயே பொறிச்சிருக்கு. இடது 21.6. வலது 23.2.

பூட்டு பொளந்த எடத்துல தண்ணி போயிருக்கு. வால்பாறை மழையும் பனியும் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் வாராவாரம் யாரோ ஒருத்தர் பிரஷர் கன்ன ஒரு சாண் தூரத்துல வெச்சு காலிப்பர் மேலயே அடிச்சது. அந்த யாரோல நாங்களும் உண்டு.

எடுத்த முடிவும் காரணமும்

மொத முடிவு, வண்டி திங்கக்கிழம மல ஏறக் கூடாது. அவரு தயங்கினாரு, மாசக் கடைசி, ஆபீஸ்ல ஆள் இல்ல, ஏறிட்டு அடுத்த வாரம் பாத்துக்கலாமான்னு கேட்டாரு. ஏறறது பிரச்சனையே இல்ல, எறங்கறதுதான். பிரேக் ஆயில் ஈரத்த உறிஞ்சற சாமான், டாட் 4 ஆயில் புதுசா இருக்கையில குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா அதுக்கு இருக்கற குறைஞ்சபட்ச வரம்பே 155தான். இவரு வண்டி வாங்குனதுல இருந்து ஆயில் மாத்தவே இல்ல. பத்து கிலோமீட்டர் சமதளத்துலயே ஒரு டிஸ்க் 164 டிகிரி போகுதுன்னா, 40 வளைவு எறங்கையில என்ன ஆகும்? ஆயில் கொதிச்சு ஆவி உண்டாச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும், ஆவி அமுங்கும், பிரேக் புடிக்காது. அண்ணன் இத எல்லாம் விளக்கல, அந்த உள் பேட அவரு கையில குடுத்தாரு, அவ்வளவுதான். "நான் பஸ்ஸுலயே போயிக்கறனுங்க" அப்படின்னாரு.

முன்னாடி ரெண்டு டிஸ்க்கும், ரெண்டு பக்கத்துக்கும் பேடும் மாத்தினோம். வலது டிஸ்க் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்தான், ஆனா ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் ஒரே மாதிரி புடிக்காது. ரெண்டு காலிப்பருக்கும் புது பின், புது பூட்டு, பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப் போயி மறுபடி மாட்டிக்கும், அதனால அங்க சிக்கனம் பாக்கல. பிஸ்டன அமுக்கிப் பாத்தோம், நல்லா போச்சு, ரப்பரும் நல்லா இருந்துச்சு, விட்டுட்டோம். பிரேக் ஆயில் மொத்தமும் மாத்தினோம், எறங்கினது கடுங்காப்பி கலர். எல்லாம் சேந்து லேபரோட 18,400 ஆச்சு.

பேடு விஷயத்துல ஒரு பேச்சு வந்துச்சு. தூசு கம்மியா வர்ற செராமிக் பேடு போடலாமேன்னு நான்தான் கேட்டேன். அண்ணன் வேண்டாம்னுட்டாரு, "வாராவாரம் வால்பாறை எறங்குற வண்டி, கம்பெனிக்காரன் இந்த எடைக்கு இந்த வேகத்துக்குன்னு பாத்துப் போட்ட தரம் என்னவோ அதையே போடுங்க, வீலு அழகா இருக்கோணும்னு பேட மாத்தாதீங்க". டவுனுக்குள்ளயே ஓடற வண்டின்னா நான் மாத்திப் பாருங்கன்னுதான் சொல்லுவேன், இந்த வண்டிக்கு அவரு சொன்னது சரி. கோட்டிங்குக்கு வாங்கின 3,500ஐ திருப்பிக் குடுத்துட்டேன். அவரு வேண்டாம்னாரு, நான் வெச்சுக்கல.

அதுக்கப்புறம்

புது பேடு படியறதுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல அறுபதுல இருந்து பத்து வரைக்கும் மெதுவா எறக்கி எறக்கி பத்து தடவ, நடுநடுவுல ஆற விட்டு, அண்ணனே ஓட்டினாரு. மொத வாரம் தூசு கொஞ்சம் அதிகமாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் சமமா. எறக்கத்துல டி-லயே விடாம மேனுவல் மோடுல போட்டு ரெண்டாவது மூணாவது கியர்ல எஞ்சினே புடிச்சுக்கற மாதிரி எறங்கச் சொன்னோம். அவரு அது வரைக்கும் அந்த மோட தொட்டதே இல்லயாம்.

அப்புறம் ஐப்பசி வரைக்கும் வாரம் ஒரு தடவ, கழுவறதுக்கு முன்னாடி அதே ஸ்போக், அதே மடிப்பு, நனைச்ச வெள்ள டிஷ்யூ. ரெண்டும் பென்சில் சாம்பல்தான். இழுப்பு நின்னுருச்சு, கருகல் நாத்தம் இல்ல. சூடு ரெண்டு தடவ பாத்தோம், ரெண்டு பக்கத்துக்கும் ஆறேழு டிகிரிக்கு மேல வித்தியாசம் இல்ல. இப்ப ஷாம்புத் தண்ணியும் மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷுமே போதும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ அயர்ன் ரிமூவர். பின்னாடி வீலுக்கு பெயிண்ட் அடிக்கற வரைக்கும் அந்த கோட்டிங்கும் தன் வேலய செஞ்சுது.

வீல் மொகத்துல ஓடுன வெள்ளக் கோடு மட்டும் போகாது. அதுக்கு கிளியர் கோட்ட எடுத்துட்டு மறுபடி லேத்துல சீவணும், சீவச் சீவ உலோகம் கொறையும், அதனால ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல அது நல்லது இல்ல. அவரு யோசிச்சுட்டு, அரிச்ச எடத்த தேச்சு ப்ரைமர் அடிச்சு நாலையும் சாதா சில்வர் பெயிண்ட் பண்ணிக்கிட்டாரு. பளபளப்பு போச்சு, ஆனா இனி கீறல் விழுந்தாலும் அடியில பெயிண்ட் இருக்கு.

கடைல மாத்தினது

மொத மாத்தினது ஜாப் கார்டு. தண்ணி படறதுக்கு முன்னாடி நாலு வீல் தூசும் எப்படி இருக்குன்னு எழுத ஒரு வரி சேத்திருக்கோம். முன்னாடி ரெண்டும் சமமா, பின்னாடி ரெண்டும் சமமா, அவ்வளவுதான் கேள்வி. கழுவிட்டா அந்த அடையாளமே போயிரும், நாங்க மூணு தடவ எங்க கையாலயே அத கழுவி விட்டிருக்கோம். சமமா இல்லன்னா வண்டிக்காரர்கிட்ட சொல்லி, வீல கழட்டி உள் பேட பாக்கச் சொல்றோம். ஒரு பக்கம் கருப்புக்கு காலிப்பர் பின் சிக்கிக்கிட்டது மட்டுமே காரணம் இல்ல, பிஸ்டன் சிக்கிக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ள வீங்கி அடைக்கலாம். ஒரு பக்கம் தூசே இல்லாம ரொம்ப சுத்தமா இருந்தாலும் அதையும் எழுதறோம், அந்தப் பக்கம் பிரேக்கே புடிக்காம இருக்கலாம். பின்னாடி டிரம் இருக்கற சின்ன வண்டில தூசு டிரம்முக்குள்ளயே தங்கிரும், அங்க இந்தப் பார்வ ஒதவாது, அதுக்கு டிரம்ம கழட்டித்தான் ஆகணும்.

கழுவற முறையும் மாறுச்சு. வண்டி வந்த உடனே வீல்ல தண்ணி கிடையாது, புறங்கைய கிட்ட வெச்சா அனல் அடிக்காத வரைக்கும் காத்திருக்கோம். சூடான டிஸ்க்குல பச்சத் தண்ணி அடிக்கறதும் டிஸ்க்குக்கு நல்லது இல்ல. வீலுக்கு தனி பக்கெட், தனி பிரஷ், அந்தத் துணி பாடிய தொடவே கூடாது, அதுல இருக்கறது இரும்புப் பொடி, பெயிண்ட்ட கோடு போட்டுரும். காஞ்ச தூச கம்ப்ரஸர் காத்துல ஊதறத அடியோட நிறுத்தியாச்சு, அத்தனையும் பசங்க நெஞ்சுக்குள்ள போகும், நனைச்சுத்தான் எறக்கணும். இந்தத் தூச ஐரோப்பாவுல இப்ப பொக மாதிரியே எண்ண ஆரம்பிச்சுட்டாங்க, 2024-ல வந்த யூரோ 7 விதில பெட்ரோல் டீசல் காருக்கு பிரேக்குல இருந்து வர்ற பொடிக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்காங்க. பிரஷர் கன் காலிப்பர் மேல நேரா அடிக்கறது இல்ல, ரெண்டு அடி தள்ளி, சாய்ச்சு.

எங்க போர்வெல் தண்ணி உப்பு. சிறுவாணி தண்ணி லைன் எங்களுக்கு இல்ல. அப்படியே காய விட்டா வீல்ல வெள்ளப் புள்ளி விழும், அதப் பாத்துட்டு மறுபடி யாராவது ஆசிட்ட தேடுவாங்க, அதனால கழுவி முடிச்ச கையோட துணியில ஒத்தி எடுத்தர்றோம். கழுவின வண்டிய வாசல தாண்டறதுக்குள்ள மெதுவா ரெண்டு தடவ பிரேக் புடிச்சுப் பாக்கச் சொல்லி அனுப்பறோம், டிஸ்க்குல இருக்கற ஈரம் காஞ்சுரும்.

அந்த வண்டி இந்த வாரமும் வந்துச்சு. ஜாப் கார்டுல பையன் எழுதியிருந்தது: "முன் இடது, வலது சமம். பின் சமம்." அந்த பழைய காலிப்பர் பின்ன அண்ணன் தூக்கிப் போடாம ஷெட்டு வாசல்ல ஆணியில மாட்டி வெச்சிருக்காரு, ஒரு பக்கம் மட்டும் கருப்பா வீல் வந்தா அந்த வண்டிக்காரர கூட்டிட்டுப் போயி காட்டறதுக்கு.